வலி எத்தனையாவது லெவலில்?

மருந்து ஆராய்ச்சியில் களப்பணியாளர் என்றால், கையில் இருப்பது மருந்தா வெறும் எண்ணெயா என்று தனக்கே தெரியாமல் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவர் என்று அர்த்தம். படிவத்தோடு கதவைத் தட்டி "அப்புறம் வாங்க" என்று கேட்டுத் திரும்பிய அத்தனை பேருக்கும் என் கஷ்டம் புரியும். கஞ்சாச் செடியிலிருந்து போதை தராத சத்தை மட்டும் பிரித்தெடுத்த சொட்டு மருந்து நரம்பு வலியைக் குறைக்குமா என்று பெங்களூரில் எங்கள் டாக்டரம்மா ஆராய்கிறார். அதற்காகத்தான் மூடிப்போன தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸுக்கு ரயிலேறினேன்.

போலீஸ் வருமா?

முனுசாமி மாமா சுரங்கத்தில் டிரில் மிஷின் பிடித்தவர். அந்த அதிர்விலேயே கை நரம்பு கெட்டு, சட்டைப் பொத்தான் போடக்கூட முடியாது. ஆராய்ச்சியில் சேரக் கையெழுத்துப் போடப் போனவரை மனைவி கன்னியம்மா தடுத்தார். "பீடிகூட தொடாத மனுசன். கஞ்சா கேஸுல மாட்டி வுடப் பாக்கிறியா?"

அரசு அனுமதிக் கடிதத்தைக் காட்டினேன். நம் உடம்பே இதுபோன்ற ஒன்றைச் சுரக்கிறது, அது போய் ஒட்டிக்கொள்ள மூளையில் தனி இடங்களே இருக்கின்றன என்று டாக்டரம்மா சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தேன். கன்னியம்மா தன் தலையைத் தட்டிக் காட்டினார்.

"அப்ப போலீஸு மொதல்ல நம்ம மண்டையத்தானே புடிக்கணும்?"

லெவல் கணக்கு

தினமும் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று நோட்டில் எழுத வேண்டும். மாமாவும், அதே கை வலியோடு ஆராய்ச்சியில் சேர்ந்திருந்த அவருடைய பழைய ஷிஃப்ட் கூட்டாளி, பக்கத்து வீட்டு ஏழுமலையும் அதை மதிக்கவே இல்லை. சுரங்கத்தில் ஆழம் போகப் போக லெவல் நம்பர் ஏறும். வலியையும் அப்படியே எழுதி வைத்திருந்தார்கள்: எண்பதாவது லெவல், தொண்ணூறாவது லெவல். ஆனால் ஒரு நாள்கூட விடவில்லை. இவ்வளவு ஒழுங்கான நோட்டை நான் பார்த்ததில்லை. பத்துக்குள் எழுதுங்கள் என்று கெஞ்சினேன். ஏழுமலை சிரித்தார்.

"பத்தாவது லெவல்னா எங்களுக்கு மொட்டை மாடிம்மா, அங்க இன்னா வலி கீது?"

சம பங்கு

இரண்டாம் மாதம் மாமா என் எதிரிலேயே பொத்தான் போட்டுக் காட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழுமலைக்கோ ஒரு மாற்றமும் இல்லை.

அடுத்த முறை போனபோது இருவர் நோட்டிலும் ஒரே வரி, தேதியோடு: "இன்று இரண்டு பாட்டிலையும் ஒன்றாக ஊற்றி சமமாகப் பிரித்தோம்." தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். ஒருவருக்கு மருந்து, ஒருவருக்கு வெறும் எண்ணெய் என்று கொடுத்து ஒப்பிடுவதுதான் ஆராய்ச்சியே. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று சத்தம் போட்டேன். மாமா நிதானமாகச் சொன்னார்.

"கீழ எறங்குனா சோத்து டப்பாவயே பிரிச்சித்தான் துன்னோம். இவன் வலியில கெடக்க, நான் மட்டும் பொத்தான் போட்டுக்கினு நிக்கணுமா?"

திரும்பிய பாட்டில்கள்

டாக்டரம்மா திட்டுவார் என்று பயந்தேன். "மறைக்காமல் எழுதி வைத்தார்களே" என்று வியந்தார். ஆனாலும் விதி விதிதான். கலந்த நாளுக்கு முந்தைய பக்கங்கள் மட்டுமே கணக்கில் சேரும், இருவருக்கும் மருந்து நிற்கும்.

அதைச் சொல்லப் போனேன். மருந்து நின்றால் மாமா அந்தப் பொத்தானைப் போடுவது இனி எத்தனை நாளைக்கோ என்பதே என் கவலை. சொல்லி முடித்ததும், மாமா இரண்டு பாட்டில்களையும் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"எடுத்துக்கினு போம்மா. சரியா கண்டுபுடிச்சி எல்லாருக்கும் குடுங்க, அதுல எங்களுக்கும் ஒரு பங்கு வரும்."

யாருக்கு எந்தப் பாட்டில் என்று தெரியாமலிருக்க ஆயிரம் ஏற்பாடு செய்த எங்கள் படிவத்தில், கூட்டாளியின் வலியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு கட்டம்கூட இல்லை.