மொட்டை மாடியில் மோன் தேசிய நாள்

எங்கள் துடியலூர் அடுக்ககத்தின் பண்பாட்டுக் குழுவுக்கு நான்தான் செயலாளர். வேறு யாரும் கை தூக்காததால் ஒருமனதாகத் தேர்வானேன்.

மூன்றாம் மாடிக்கு இரண்டு மாணவிகள் குடிவந்தார்கள். மியான்மரிலிருந்து வந்து இங்கே பிசியோதெரபி படிக்கிறவர்கள். குடியிருப்போர் படிவத்தில் ‘பர்மாக்காரர்கள்’ என்று நானே எழுதினேன். மூத்தவள் அதைப் பார்த்துவிட்டு, இந்த ஊருக்கு வந்து கற்ற தமிழில் சொன்னாள்.

“நாடு அதுதானுங்க அங்கிள். ஆனா நாங்க பர்மியர் இல்லீங்க. மோனுங்க.”

அப்படி ஓர் இனம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். “ஓ, மோனா, தெரியுமே” என்றேன். செயலாளருக்குத் தெரியாமல் இருக்கலாமா?

பிப்ரவரியில் மறுபடி வந்தாள். பௌர்ணமிக்கு மறுநாள் மோன் தேசிய நாளாம். காலையில் இரண்டு மணி நேரம் மொட்டை மாடி வேண்டும் என்றாள். பெருந்தன்மையோடு பதினோரு நிபந்தனைகள் போட்டு அனுமதித்தேன்.

அன்று காலை, நிபந்தனைகள் நலமாக இருக்கின்றனவா என்று பார்க்க மேலே போனேன். வேறு கல்லூரிகளில் படிக்கும் மோன் நண்பர்களையும் சேர்த்து மொத்தமே ஆறு பேர். எல்லோரும் வெள்ளைச் சட்டை, சிவப்புக் கட்டம் போட்ட லுங்கி. ஊரிலிருந்து துணி வந்து சேராததால் உக்கடத்தில் ஒரு லுங்கிக் கடையில் வாங்கினார்களாம்.

“கடைக்கார பாய் ஒண்ணுமே கேக்கலீங்க. போட்டோ பாத்தாரு, சரியா எடுத்துக் குடுத்துட்டாரு.”

படிவம் நிரப்பச் சொல்லாத மனிதர்.

தண்ணீர்த் தொட்டியில் அன்னப்பறவை போட்ட கொடியை ஒட்டியிருந்தார்கள். பாடினார்கள். மைக் கிடையாது. பிறகு ஆளுக்கொரு நோட்டை எடுத்து, மூத்தவள் சொல்லச் சொல்ல எழுத ஆரம்பித்தார்கள். பண்டிகை நாளில் டிக்டேஷன்.

“எங்கூர்ப் பள்ளிக்கூடத்துல பர்மிய மொழிதானுங்க. லீவுல புத்த மடத்துக்குப் போய்த்தான் மோன் எழுத்து படிச்சோம். ஊட்டை உட்டு வந்தா மறந்துபோகுமுங்க. அதனால இன்னைக்கு எல்லாரும் எழுதோணும்.”

பிறகு சொன்னாள், “உங்க பல்லவர் எழுத்துல இருந்துதான் எங்க எழுத்து வந்துதுன்னு பிக்கு சொல்லிக்குடுத்தாருங்க.”

பல்லவர்கள் சார்பில் தலையசைத்து அதை ஏற்றுக்கொண்டேன். அதோடு இறங்கிப் போயிருக்க வேண்டும்.

“நீங்களும் தமிழ்ல ஒண்ணு எழுதுங்க. பக்கத்துல வெச்சுப் பாக்கலாம்” என்று நோட்டை நீட்டினாள்.

போனில் தட்டியே பழகிய கை. ‘பாரம்பரியம்’ என்று தொடங்கினேன். சின்ன ர-வா, பெரிய ற-வா? பேனா நின்றது. அடித்துவிட்டு ‘அம்மா’ என்று எழுதினேன். ஆறு பேரும் கைதட்டினார்கள். இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் அவமானப்படுத்தியதில்லை.

ஏப்ரலில் எங்கள் அடுக்ககத்தின் தமிழ்ப் புத்தாண்டு விழா. மாடில்லாத மாட்டு வண்டியை வாடகைக்கு எடுத்து செல்ஃபி எடுக்க நிறுத்தியிருந்தோம். பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடினார்கள். தொகுப்பாளினி ஆங்கிலத்தில் தமிழின் தொன்மையைப் புகழ்ந்தார். முன்வரிசையில் சிவப்பு லுங்கியோடு உட்கார்ந்து கவனமாகப் பார்த்த மூத்தவள், என் பக்கம் சாய்ந்து கேட்டாள்.

“இதுல எதுங்க அங்கிள் உங்களுது?”

கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மேடையைப் பார்த்தேன், வண்டியைப் பார்த்தேன், கடைசியில் கம்மங்கூழ் விற்கிறவரைக் காட்டினேன். மாணவிகள் இருவரும் எழுந்து போய் ஆளுக்கு இரண்டு சொம்பு வாங்கிக் குடித்தார்கள். எங்கள் சனம் முழுக்கப் பக்கத்தில் பீட்சாவுக்கு நின்றது. கூழ்க்காரர் முன்னால் வரிசையே இல்லை. நானும் போய் ஒரு சொம்பு வாங்கினேன்.