போதகரின் கல்லறையைத் தேடிப் போனபோது

என் தாத்தாவின் தாத்தா பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாமக்கல் பக்கம் மெதடிஸ்ட் போதகராக இருந்தவர். அவருக்கு இரண்டு மகன்கள் என்று சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளில் பார்த்தேன். அவர் கல்லறையையும் பார்த்துவிட நினைத்து, போன மாதம் தனியாகப் போனேன்.

கல்லறைத் தோட்டமெங்கும் சீமைக்கருவேல முள். ஒரு கல்லில் எழுத்துத் தெரிகிறதா என்று குனிந்தபோது காலடி மண் உள்வாங்கியது. முழங்கால்வரை குழிக்குள் இறங்கிவிட்டேன். காலை இழுத்தால் வரவில்லை. உள்ளே ஏதோ என் பாதத்தைப் பிடித்திருந்தது. என்னை அறியாமல் அலறினேன்.

பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடிவந்தார்.

"அசையாதீங்க சாமி! வேருதானுங்க மாட்டியிருக்குது" என்று மண்ணைக் கையால் தோண்டிக் காலை விடுவித்தார்.

வெளியே வந்து குழியைத் திரும்பிப் பார்த்தேன். "யாரோட குழியோ, மிதிச்சுட்டேனே" என்றேன்.

"கல்லு எத்தனை சிறுசா இருக்குது பாருங்க. கொழந்தைதானுங்க. அது யாரை என்ன பண்ணப்போவுது?" என்றபடி முந்தானையால் கல்லைத் துடைத்தார்.

போதகரின் பெயர் தெரிந்தது. அதன் கீழே, 'ஞானஸ்நானத்துக்கு முன் மரித்த மகள்' என்றிருந்தது. அவளுக்குப் பெயர் இல்லை. அதனால்தான் நான் பார்த்த பதிவேடுகளில் அவள் இல்லை.

பேய் என்று பயந்து நான் அலறியது என் சொந்த ரத்தத்திடம். அங்கேயே உட்கார்ந்து அவளுக்காக ஜெபித்தேன். பாதத்தைப் பற்றிய அந்தப் பிடியை நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது. ஆனால், உதறிவிட்டு ஓடத் தோன்றுவதில்லை.