பச்சையம்மா திருடாத பித்தளை பொம்மை

எங்க தெருவுல எவனாவது பச்சையம்மாவ திருடின்னு சொன்னா இன்னைக்கும் கரண்டியோட சண்டைக்குப் போயிடுவேன். என் பேரு ஜோதிகா. ராயபுரத்துல, மளிகை மண்டிங்க இருக்கற தெருவுல இட்லி கடை வெச்சிருக்கேன். எதிர்லயே நடந்தது, ஒண்ணு விடாம பாத்தவ நான். அதனால நான் சொல்றேன், கேளுங்க.

பச்சையம்மாவுக்கு வூடு வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. வருஷக்கணக்கா எங்க தெருவ கூட்டறது அவதான். நெத்தியில பெரிய பொட்டு, வாய் நெறைய வெத்தலை, தோள்ல ஒரு கட்டைப்பை. ஒரு தபா குப்பையில ஒத்தக் கம்மல் கெடச்சுது. எவ காதுல காணோம்னு வூடு வூடா ஏறி எறங்கி, குடுத்துட்டுத்தான் நாஸ்டா துன்ன வந்தா. "அவ அங்க அழுதுகினு கீறா ஜோதி, எனக்கு இங்க எப்டி எறங்கும்?"ன்னா. இவதான் திருடியாம். த்தூ!

உச்சிமாகாளி அண்ணாச்சி மளிகைக் கடைக்குப் பின்னாடி ஒரு பழைய ஷெட்டு இருந்துச்சு. தை மாசம் அத்த இடிச்சாரு. உள்ள கெடந்த தட்டுமுட்டு சாமானெல்லாம் தெருவுல கொட்டிட்டு, "ஏம்மா, இந்தக் குப்பைய வெரசா அள்ளு"ன்னு அவரேதான் கத்துனாரு. என் காதால கேட்டேன்.

அந்தக் குப்பையிலதான் கறுத்துப்போன ஒரு பொம்மை கெடச்சுது. ஒரு முழம் ஒசரம், நல்ல கனம்.

"இன்னாடி இது?"ன்னேன்.

"தெரில. மூஞ்சி ஸோக்கா கீதுல்ல?"ன்னா.

என்கிட்ட ஒரு உருண்டை புளி வாங்கி, இடிச்சுப் போட்ட செங்கல் பொடியத் தொட்டுத் தேய்ச்சா. அடேங்கப்பா, பித்தளை! சுருட்டை முடியோட ஒரு பொம்பள, கை ரெண்டும் கூப்பிகினு நிக்கறா. முதுகுக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் இன்னாவோ விரிஞ்சு கீது. குத்துவிளக்கு மேல சொருவறதுன்னான் ஒருத்தன். தேர் பொம்மைன்னான் இன்னொருத்தன்.

அது மின்னுனதுதான் தாமதம், அண்ணாச்சி கல்லாவ உட்டு எறங்கி வந்துட்டாரு. "இது எங்க தாத்தா கும்பிட்ட மகாலட்சுமில்லா! பின்னால தாமரை இதழ் விரிஞ்சிருக்கு பாரு. எப்பம்மா எங்க எடத்துக்குள்ள பூந்து எடுத்த?"ன்னு ஒரே கூச்சல்.

தெரு கூட்டறவங்களுக்கு சூப்பர்வைசர் வல்லரசு வந்தான். அவ புள்ள வயசு. விசாரிக்கல, ஒண்ணும் இல்ல. அவ பையப் புடுங்கி நடுரோட்டுல கவுத்தான். சோத்து டப்பா உருண்டுச்சு. மாத்திரை அட்டை, சீப்பு, வெத்தலை எல்லாம் தெருவுல. வேற எதுவும் இல்ல. இருந்தாலும், "மன்னிப்பு கேளு, இல்லாங்காட்டி நாளைலேந்து வேலைக்கு வராத"ன்னான்.

"டேய், குப்பைலேந்துதான்டா எடுத்தா, நான் பாத்தேன்"னு தொண்டை கிழியக் கத்துனேன். எவன் கேட்டான்? அவ பொண்ணு மகிழினி நர்ஸுக்குப் படிக்குது. வேலை போனா படிப்பும் போச்சு. தெருவே வேடிக்கை பாக்க, "மன்னிச்சிடுங்க அண்ணாச்சி"ன்னா. அப்பால குனிஞ்சு ஒவ்வொரு வெத்தலையா பொறுக்குனா. எனக்கு அழுகையும் வந்துச்சு, ஆத்திரமும் வந்துச்சு.

அதுக்கப்புறம் அண்ணாச்சி பண்ண அலும்பு கீதே! கல்லாவுக்கு மேல பலகை அடிச்சு, மஞ்சள் குங்குமம் வெச்சு, மல்லிப்பூ சாத்தி, வெள்ளிக்கிழமையானா சூடம். கும்பிட வேண்டிய சாமியே கையக் கூப்பிகினு நிக்குதேன்னு ஒருத்தனும் கேக்கல. பச்சையம்மா வெத்தலை போடறதையே உட்டுட்டா. தலையத் தூக்காம கூட்டிட்டுப் போயிடுவா. பாதி வூட்ல அவளப் பாத்தா கதவ சாத்துனாங்க. அந்தக் கம்மல்காரியும்தான்!

பங்குனியில ஒரு நாள், சவப்பெட்டி செய்யற வேதமாணிக்கம் பெரியவரு அரிசி வாங்க வந்தாரு. கல்லாவுக்கு மேல பாத்தவரு அப்டியே நின்னுட்டாரு.

"அட, நம்ம சம்மனசு! இது எப்டி இங்க வந்துச்சு?"

"என்னது?"ன்னாரு அண்ணாச்சி.

"சம்மனசுய்யா, தேவதூதன். எங்க மாதா கோயில் பொணவண்டி கூரையில மூலைக்கு ஒண்ணா நிக்கும். அந்த வண்டிய உங்க ஷெட்லதான் நிறுத்துவாங்க, உங்கப்பா இந்த எடத்த வாங்கறதுக்கு முன்னாடி. அது தாமரை இல்லய்யா, றெக்கை."

அண்ணாச்சி ஒத்துக்குவாரா? மொறைச்சாரு. பெரியவரு நேரா தன் சவப்பெட்டிக் கடைக்குப் போய், அந்த வண்டியில இருந்த இன்னொண்ண எடுத்தாந்து பக்கத்துல வெச்சாரு. அச்சு அசல் அதே மூஞ்சி, அதே றெக்கை.

கடையில நின்ன ஜனம் வாங்குன சாமான வெச்சிட்டு நழுவ ஆரம்பிச்சுது. பொணவண்டி பொம்மைக்கு சூடம் காட்டிகினு இருந்திருக்காரே மனுஷன்! தாத்தா சாமிய இப்ப தொட ஆளில்ல. வல்லரசுக்கு போன் போட்டாரு. அவன் பச்சையம்மாவ இட்டுகினு வந்தான்.

"ஏம்மா, அந்தக் குப்பைய எடுத்துட்டுப் போயிரும்மா"ன்னாரு அண்ணாச்சி.

பச்சையம்மா தொடப்பத்த செவுத்துல சாச்சா. "இன்னாது, குப்பையா? உங்க தாத்தா கும்பிட்ட லட்சுமியாச்சே. நான் மன்னிப்பெல்லாம் கேட்டேனே."

"யக்கா, பேஜாரு பண்ணாத. எடுக்கா"ன்னான் வல்லரசு.

"நீ வாய மூடு! சாவு ஊர்வலம் போனா தெரு பூரா பூவ எறைச்சுட்டுப் போறீங்களே, அத்த எந்தக் கையால அள்றேன்? இந்தக் கையாலதான். பொணவண்டிக்கு நான் பயப்படல. திருடின்ற பேருக்குத்தான் பயப்படறேன்."

தோள்ல இருந்த கட்டைப்பைய எடுத்து ரெண்டு கையாலயும் விரிச்சுப் புடிச்சா. "இத்தத்தானே நடுரோட்டுல கொட்டுனீங்க? உங்க கையால எடுத்து இதுலயே போடுங்க அண்ணாச்சி. போடும்போது நடந்தது இன்னான்னு வாயத் தொறந்து சொல்லுங்க."

அண்ணாச்சி அங்க இங்க பாத்தாரு. நான் கரண்டியோட ரோட்டுலயே நின்னேன், நகரல. கடைசியில கையில துண்டச் சுத்திகினு, பொம்மைய எறக்கி பையில போட்டாரு.

"நான்தான் தூக்கிப் போட்டேன். நீ திருடல"ன்னு முனகுனாரு.

பச்சையம்மா பைய மூடல.

"கம்மல்காரி வூடு தெருக்கோடில கீது அண்ணாச்சி. அங்க கேக்கற மாதிரி சொல்லுங்க"ன்னா.