ஏரிக்குள் நாலு முட்டை

நான் ஏரிக்குள் குப்புறப் படுக்க ஆரம்பித்தது ஐம்பத்தோரு வயதில். அதற்கு முன்னால் இரண்டு வருடம் கரைமேல் நின்றபடிதான் பறவைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். எல்லாப் படத்திலும் கொக்கும் நாரையும் சேற்றில் ஒட்டிவைத்த ஸ்டிக்கர் மாதிரி இருந்தன. ஒருநாள் கால் வழுக்கி விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்து தலையைத் தூக்கினால் எதிரே ஓர் உள்ளான், என் கண்ணுக்கு நேராக அதன் கண். அப்படியே படுத்தபடி ஒரு படம் எடுத்தேன். என் படங்களில் முதன்முதலாக ஒரு பறவைக்கு முகம் இருந்தது. அதற்கப்புறம் நான் நின்று எடுக்கவே இல்லை.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கோழிப்பண்ணை. காலையில் ஷெட்டுகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைச் சுடிதார்மேல் மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டரில் ஏரிக்குக் கிளம்பிவிடுவேன். அங்கே ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தி, என்னைவிடக் கொஞ்சம் சின்னவள், நான் படுத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு முதல் நாள் பதறி ஓடிவந்தாள்.

"ஏனுங்கக்கா, எதையாச்சும் தொலைச்சுப்போட்டீங்களா?"

"இல்லீங்க. குருவியப் போட்டோ எடுக்கறேன்."

"அதை நின்னுக்கிட்டு எடுத்தா ஆவாதுங்களா?"

கேமராவைத் திருப்பிப் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். "மூஞ்சி தெரியுதுங்க" என்றாள். அதோடு சமாதானமாகிவிட்டாள்.

கேமராவைத் தரையோடு தரையாக வைக்க மெத்தென்று ஒரு பை வேண்டும். மற்றவர்கள் மணலோ அரிசியோ நிரப்புவார்களாம். எங்கள் வீட்டில் கையை நீட்டினால் கிடைப்பது கோழித் தீவனம். பழைய தீவனச் சாக்கைப் பாதியாக வெட்டி, அடித்தையலை அப்படியே விட்டுவிட்டு, மேல்பக்கத்தை மட்டும் கையால் தைத்து, உள்ளே தீவனத்தை அடைத்தேன். லென்ஸ் அதன்மேல் அசையாமல் படுத்துக்கொண்டது. என் மூளையை நினைத்து எனக்கே பெருமை தாங்கவில்லை.

அந்த வைகாசியில் ஏரி பாதிக்குமேல் சுருங்கியிருந்தது. தண்ணீரை ஒட்டிய சேற்றுத் திட்டில் பவளக்கால் உள்ளான் ஜோடி ஒன்று முட்டையிட்டு அடைகாத்தது. நாலு முட்டை. மண் நிறம், மேலே கறுப்புத் தீற்றல். தினமும் ஆயிரக்கணக்கில் முட்டைகளை அட்டையில் அடுக்கி லாரியேற்றும் நான், ஒற்றை முட்டையைக்கூட அதுவரை இப்படி ஆசையாகப் பார்த்ததில்லை. குஞ்சு வெளியே வந்து நிற்கிற முதல் நிமிடத்தை அதன் கண்ணுக்கு நேராக இருந்து எடுத்துவிட வேண்டும் என்று வெறியே பிடித்துவிட்டது. முதல் நாள் நாற்பதடி தள்ளிப் படுத்தேன். மூன்றாம் நாள் அது முப்பதடியானது. அதற்கப்புறம் நான் அளக்கவில்லை.

ஆட்டுக்காரப் பெண் ஒருநாள் கரையிலிருந்தே சொன்னாள்: "அக்கா, நீங்க வந்தாலே ரெண்டு நாய் உங்க பொறகால வருதுங்க."

"கோழிப்பண்ணைக்காரி பொறகால நாய் வராம மயிலா வரும்?" என்று சிரித்தேன்.

அது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனாலும் மண்டப வாசலில் நாய் எங்களைத்தான் முகர்ந்து பார்க்கும். பண்ணை வாசனை அப்படி. அதனால் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சாக்கின் அடித்தையல் ஓர் ஓரத்தில் நூல் விட்டிருந்தது. ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்திலிருந்து நான் படுக்கும் இடம்வரை தினமும் தீவனம் மெல்லிய கோடாகக் கொட்டிக்கொண்டே வந்திருக்கிறது. மக்காச்சோளமும் கருவாட்டுத் தூளும் கலந்த தீவனம். நாய்களைக் கூட்டுக்கு வழிகாட்டிக் கூட்டிவந்தது நான்தான்.

ஒன்பதாம் நாள் காலை, என் காலடியில் நக்குகிற சத்தம் கேட்டது. நான் திரும்புவதற்குள் ஒரு நாய் நிமிர்ந்து முன்னால் பார்த்துவிட்டது. அது என்னைத் தாண்டிப் போனது, மற்றதும் பின்னாலேயே போனது. உள்ளான்கள் இரண்டும் எழும்பிக் கத்தின. நாய்களின் தலைமேல் பாய்வதும் விலகுவதுமாகத் தவித்தன. கேமராவைப் போட்டுவிட்டு, கையில் அகப்பட்ட பையோடு எழுந்து ஓடினேன். முழங்கால்வரை சேறு இழுத்தது. போய்ச் சேர முடியாது என்று தெரிந்ததும் கையிலிருந்த பையை அவற்றை நோக்கி வீசினேன். விழுந்த வேகத்தில் அது பிய்ந்து தீவனம் முழுக்கக் கொட்டியது. நாய்கள் கூட்டை விட்டுவிட்டு அதில் வாய் வைத்தன. மண்ணை வாரி எறிந்து, கத்தி, ஒருவழியாகத் துரத்தினேன்.

கூட்டில் மிச்சம் ஒரு முட்டை. அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு, நான் இருக்கும்வரை தாய் திரும்பாது என்று உறைத்து எழுந்து வந்தேன்.

மறுநாள் விளக்குமாறும் முறமும் எடுத்துக்கொண்டு போய்க் கரையிலிருந்து கூட்ட ஆரம்பித்தேன்.

"ஏனுங்கக்கா, ஏரியவா கூட்டறீங்க?"

நடந்ததை ஒன்றுவிடாமல் ஆட்டுக்காரப் பெண்ணிடம் சொன்னேன். என் கையிலிருந்து முறத்தை வாங்கிக்கொண்டு பக்கத்தில் குனிந்தாள். பாதி வேலையில் நிமிர்ந்து சொன்னாள்: "நாய நான் பாத்துக்கறேனுங்க. நீங்க மட்டும் கிட்டப் போவாதீங்க."

என்னையும் நாயையும் ஒரே வரியில் சேர்த்துவிட்டாள். சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னதில் தப்பு இல்லை.

அதன்பிறகு கரையிலேயே நின்றேன். நாய் வந்தால் அவள் குரல் கொடுப்பாள், கல் பறக்கும். உள்ளான்கள் மாறி மாறி அந்த ஒற்றை முட்டைமேல் உட்கார்ந்தன. இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, தாய் எழுந்து நகர்ந்தபோது அதன் காலடியில் ஏதோ தள்ளாடியது. நின்ற இடத்திலிருந்தே ஒரே ஒரு படம் எடுத்தேன்.

அன்று சாப்பிடும்போது வீட்டுக்காரர் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஏம்புள்ள, இதுல குஞ்சு எங்க?"

"இருக்குதுங்க."

"எங்கயும் தெரியலையே."

"தெரிய வேண்டாமுங்க" என்றேன்.