தேசிக்காயைத் தாண்டிப் போன சிவப்புக் கார்

பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் செய்யப் போகிறேன் என்றதும் என் மனைவி சாந்தி, "செய்யுங்கோ. ஆனா எடுத்த சீட்டுக் காசுக்கு மேல ஒரு சதமும் கேக்கக்கூடாது" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை! மொன்றியலில், லாசால் பகுதியிலுள்ள எங்கள் வீட்டுக் கராஜில், குளிர்காலம் முழுவதும் வேலை நடந்தது. சிவப்புப் பெயின்ட், தோல் இருக்கை, பளபளக்கும் சில்லுகள் என்று ஆசைப்பட்டதையெல்லாம் முதலில் வாங்கினேன். கடைசியில் பிரேக்குக்குக் காசு மிஞ்சவில்லை. உடைக்கப் போட்ட பழைய கார் ஒன்றின் பிரேக் பம்பைக் கழற்றிப் பூட்டினேன். கராஜுக்குள் மிதித்துப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது.

பனி கரையும்வரை பொறுக்க முடியவில்லை. மார்ச் மாத ஞாயிறு ஒன்றில் காரை வீட்டுக்குப் பின்னாலுள்ள ஒழுங்கைக்குக் கொண்டுவந்து, புது வண்டி வழக்கப்படி சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய், அதாவது எலுமிச்சங்காய், வைத்தோம். சாந்தி வீடியோ கமராவுடன் முன்னால் போய் நின்றாள். தேசிக்காய்கள் நசுங்கிய சத்தத்தில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கொஞ்சம் வேகம் கொடுத்துவிட்டுப் பிரேக்கை மிதித்தேன். மிதி தரைவரை போனது. கார் நிற்கவில்லை.

"நிப்பாட்டுங்கோ!" என்று அவள் கத்த, ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினேன். ஓரத்தில் குவிந்திருந்த பனிக்குள் மூக்கைப் புதைத்துக் கார் நின்றது.

எனக்குக் காயமில்லை என்று பார்த்த பிறகுதான் சாந்தி கேட்டாள்: "வடிவா இருக்கிறதுக்கெல்லாம் காசு போட்டியள். நிக்கிறதுக்கு ஒண்டும் போடேல்லையோ?"

இப்போது எதற்குக் கணக்குப் போட்டாலும் உயிர் காப்பதற்குத்தான் முதலில் காசு ஒதுக்குகிறேன்; மினுக்கம் கடைசியில்தான். புதுப் பிரேக் வாங்கியதில், பனியில் மோதி உடைந்ததால் ஒட்டுப்போட்ட மூக்குக்குப் பெயின்ட் அடிக்கக் காசில்லை. சிவப்பு உடம்பும் சாம்பல் மூக்குமாக ஓடும் என் காரைப் பார்த்து சிக்னலில் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சிக்னலில் நிற்கிறதே!