கைக்கு அடங்கும் கத்தி

பார்சல் கிடங்கில் சித்திக்கென்று ஒரு மேஜை இருக்கிறது. வழியில் கிழிந்த மூட்டை, வாய் பிளந்த அட்டைப்பெட்டி, மழையில் ஊறிய பொட்டலம் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். சித்தி ஒவ்வொன்றையும் திறப்பாள். உள்ளே உடைந்தது எது, பிழைத்தது எது என்று பார்ப்பாள். காகிதத்தைக் கசக்கித் திணித்து, மறுபடி கட்டி, சாக்கு ஊசியால் தைத்து அனுப்பிவைப்பாள். கிடங்கில் அவளுக்கு ‘டாக்டரம்மா’ என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அது தெரியாது என்பதால் மரியாதையாகவே கூப்பிடுகிறார்கள்.

அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டு மாடியறையில் இருக்கிறாள். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், “என்னைப் பிடிச்சவங்களை எனக்குப் பிடிக்கல, எனக்குப் பிடிச்சவங்க என்னைக் கேக்கல. ரெண்டு பக்கமும் நஷ்டமில்ல” என்பாள். அதற்கு மேல் பேச்சு வளராது. அவளுக்கு மனிதர்களிடம் நீளமாகப் பேச வராது. ஆனால் மேஜையில் பொட்டலத்தைப் பிரிக்கும்போது உதடு அசைந்துகொண்டே இருக்கும். “யார்டா உன்னை இப்படிக் கட்டினது” என்று ஓர் அட்டைப்பெட்டியை அவள் விசாரித்ததை நானே கேட்டிருக்கிறேன்.

அவளுடைய வேலைக்கோட்டின் வலது பையில் எப்போதும் ஒரு மடக்குக் கத்தி கிடக்கும். மரப்பிடி போட்டது. மடித்து வைத்தாலும் அவள் நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை வரும். வேலைக்குச் சேர்ந்தபோது கடையில் இருந்ததிலேயே பெரியதாகக் கேட்டு வாங்கியது. “கிடங்குல எல்லா ஆம்பளைங்களும் பெரிய கத்தியா வச்சிருந்தாங்க. என்னைப் பாத்து ஒருத்தனும் பயப்படப் போறதில்ல, கத்தியைப் பாத்தாவது பயப்படட்டுமேன்னு வாங்கினேன்.” வீட்டில் பழம் நறுக்குவதும், மாத்திரை அட்டையைக் கிழிப்பதும், அப்பாவின் மூக்குக்கண்ணாடித் திருகை முடுக்குவதும் அதே கத்திதான். அதன் கனத்தில் கோட்டுப் பை தொங்கிப்போய், சித்தி நடப்பதே ஒரு பக்கம் சாய்ந்த தராசுபோல இருக்கும்.

மழை பெய்த ஒரு காலையில் மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள். வலது கட்டைவிரல் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்தபோது விரல் இருந்தது, பலம் இல்லை. பாதிக்கு மேல் மடங்க மறுத்தது. நகத்தை எதிலாவது வைத்து அழுத்தினால் முகம் சுருங்கிவிடும்.

கிடங்கின் சூப்பர்வைசர் ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்க வந்தார். நல்ல மனிதர். எங்கள் வீட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, சொல்ல வந்ததைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“விசாரணை ஜன்னல்ல ஓர் ஆள் தேவைப்படுதுங்க. உக்காந்த வேலை. ஃபேன் இருக்கு. மூட்டை தூக்க வேணாம்.”

“என் மேஜைல இப்ப யாரு?”

“நம்ம விசில்தான் பாத்துக்கறான்.”

எந்நேரமும் விசிலடித்துக்கொண்டிருக்கும் இளைஞன் அவன். சித்தி ஆரஞ்சுகளைப் பார்த்தபடி இருந்தாள்.

“திங்கக்கிழமை வாங்க. மேஜைல நின்னு வேலை பண்ணிக் காட்டுங்க. முடிஞ்சா மேஜை உங்களோடதுதான். முடியலன்னா...” அவர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். “முடியலன்னா ஜன்னல். எனக்கும் மேல இருக்கறவங்களுக்குப் பதில் சொல்லணும்ல.”

அவர் போனபின் சித்தி வெடித்தாள். “‘என் பார்சல் எங்கே, என் பார்சல் எங்கே’ன்னு தலையை உள்ள விட்டுக் கேக்கறவனுக்கெல்லாம் நாள் பூரா பல்லைக் காட்டணுமா நான்? ஒரே வாரத்துல எவனையாவது கடிச்சு வச்சிடுவேன்.”

“கடிக்கறதுக்குக் கட்டைவிரல் வேணாமே, அது ஒண்ணு வசதி” என்றார் அப்பா.

சிக்கல் வெட்டுவதில் இல்லை. கத்தியைத் திறப்பதில் இருந்தது. மடக்குக் கத்தியின் அலகில் நகம் வைத்து இழுக்க ஒரு சின்னக் குழி இருக்கும். அது ஒரு பக்கம்தான். வலது கட்டைவிரல் நகத்துக்கென்றே வைத்தது. இடது கைக்கு அது முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். சித்தி முயன்று பார்த்தாள், முடியவில்லை. பல்லால் இழுத்துப் பார்த்தாள். அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

இரண்டு நாள் அடங்கியிருந்தாள். பிறகு அப்பாவிடம் கத்தியைத் திறந்து தரச் சொல்லி வாங்கிப்போவதும், மாடியில் பழைய சாக்குகளை அறுத்துப் பழகுவதுமாக இருந்தாள். ஒருநாள் படியிறங்கி வந்தவளின் கோட்டுப் பையிலிருந்து கத்திமுனை துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. திறந்த கத்தியைக் கைக்குட்டையில் சுற்றி அப்படியே பையில் போட்டிருக்கிறாள்.

அப்பாவுக்கு முகமே மாறிவிட்டது. “ஏம்மா, விரல் போனது போதாதா, இடுப்பும் போகணுமா?”

“திறந்து குடுக்க ஆள் வேணுமே அத்தான். நீங்க கிடங்குல வந்து நாளெல்லாம் என் பக்கத்துல நிப்பீங்களா?”

“நின்னா சம்பளம் உண்டா?”

“சாப்பாடு உண்டு. நான் மிச்சம் வைக்கறது.”

“பேசாம அந்த ஜன்னல்லயே உக்காருடி” என்றாள் அம்மா. அப்புறம் தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு, “இல்ல, வேற கத்தி வாங்கு. கைக்குத் தக்கபடி கத்தி வாங்கறதை விட்டுட்டு, கத்திக்குத் தக்கபடி கையை வளைக்கறா” என்றாள்.

சனிக்கிழமை மதியம் என்னைக் கூட்டிக்கொண்டு கத்திக்கடைக்குப் போனாள். குறுகலான கடை. கத்தரிக்கோல்கள் குடும்பப் புகைப்படம்போல உயர வரிசையில் தொங்கின. எண்ணெய் வாசனை, ஈரச் சாணைக்கல்லின் வாசனை. கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழுந்தார். உள்ளே அவர் மனைவி சாணைக்கல்லில் எதையோ தீட்டிக்கொண்டிருந்தார்.

“எதுக்குக் கத்தி?”

“எல்லாத்துக்கும்.”

“எல்லாத்துக்கும்னா பெரிசா எடுத்துக்கோங்க.”

“பெரிசைத்தான் இவ்வளவு வருஷமா சுமந்தேன்” என்று சித்தி விரலைக் காட்டினாள்.

அவர் முதலில் தள்ளினால் வெளியே வரும் பிளேடு கட்டரை எடுத்துவைத்தார். திறக்கும் தொல்லையே இல்லை என்றார். சித்தி வேண்டாமென்று தலையாட்டினாள். “சாக்குத் தையல்ல மாட்டினா முனை முறிஞ்சிடும். முறிஞ்ச துண்டு யார் வீட்டுப் போர்வைக்குள்ளயாவது போய்ச் சேரும். மடியாத கத்தி வாங்கலாம்னா, அதைக் கிடங்குல விடவே மாட்டாங்க.”

பிறகு மடக்குக் கத்திகள் வந்தன. பெரிய கத்திகளில் ஸ்பிரிங் அவள் பழைய கத்தியைப்போலவே இறுக்கம். அலகு, பூட்டிய கதவுபோல அசையாமல் கிடந்தது. அடுத்து ஒரு குட்டிக் கத்தி. அவள் சுண்டுவிரல் நீளம்தான். நகம் பட்டதும் திறந்துகொண்டது.

எனக்கு மூச்சு வந்தது. “இதையே எடுத்துக்கலாமே சித்தி.”

“ஊமை பேசிட்டான்” என்றாள் கடைக்காரரிடம். பிறகு தன் பையிலிருந்து ஒரு சாக்குத் துண்டையும் சணல் கயிற்றையும் எடுத்துக் கடைப் பலகைமேல் போட்டாள். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறாள். கயிறு அறுந்தது. சாக்கில் நாலு இழை அறுந்ததும் பிடி கையில் புரண்டது. உள்ளங்கையில் அது இருப்பதே தெரியவில்லை. இரண்டு விரல்தான் பிடிக்க முடிந்தது, மற்ற இரண்டும் காற்றில் நின்றன. பிடிக்காத விரல்களின் வேலையையும் சேர்த்து அந்தக் கட்டைவிரல்தான் அழுத்த வேண்டியிருந்தது. சித்தி உதட்டைக் கடித்துக்கொண்டு கத்தியைக் கீழே வைத்தாள்.

“திறக்க லேசா இருக்கு. அறுக்க பாரமா இருக்கு.”

நடுத்தர அளவில் ஒன்று. மடித்து உள்ளங்கைக்குக் குறுக்கே வைத்தால், இரு ஓரமும் ஒரு நெல் அளவு வெளியே தெரிந்தது. நாலு விரலும் பிடியில் உட்கார்ந்தன. சித்தி அதை நெடுநேரம் மூடியபடியே வைத்திருந்தாள். பிறகு நகத்தைக் குழியில் வைத்து இழுத்தாள். அலகு கொஞ்சம் தலைதூக்கி, டக்கென்று திரும்பிப் படுத்துக்கொண்டது. இன்னொரு முறையும் அப்படியே.

“ஸ்பிரிங்கைத் தளர்த்தித் தர முடியுமா?”

“தளர்த்தலாம். ஆனா அறுக்கும்போது அலகு மடங்கி உங்க விரல் மேலயே படுத்துத் தூங்கிடும்.”

“அப்படி ஒண்ணை வித்துட்டு நாம தூங்கவா?” என்று உள்ளிருந்து அவர் மனைவி கேட்டார்.

சாணைக்கல் மறுபடி சுற்றத் தொடங்கியது. திங்கட்கிழமை, ஜன்னலுக்கு வெளியே வரிசையாக நீளும் தலைகளை நான் கற்பனை செய்துகொண்டிருந்தேன். சித்தி கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை வலது கையிலேயே வைத்துக்கொண்டு, பிடிக்கு மேலே துருத்திக்கொண்டிருந்த அலகின் முதுகை இடது கை விரல்களால் கிள்ளிப் பிடித்தாள். பூனைக்குட்டியைப் பிடரியில் பிடித்துத் தூக்குவதுபோலத் தூக்கினாள். அலகு எழுந்து நேராக நின்றது. நகக்குழியின் பக்கமே போகவில்லை.

குட்டிக் கத்தியில் செய்து பார்த்தாள். அலகு பிடிக்குள்ளேயே முழுகிக் கிடந்தது, கிள்ள ஒன்றும் இல்லை. பெரியதில் கிள்ளுவதற்குத் தாராளமாக இருந்தது, ஆனால் அந்த இழுப்புக்கு வலது கைப்பிடி தாங்காமல் வழுக்கியது. நடுத்தரத்திலேயே வேறு நாலைந்து எடுக்கச் சொன்னாள். சிலவற்றின் அலகு ஒடுங்கி உள்ளே போயிருந்தது. முதலில் எடுத்ததைப் போல முதுகு உயர்ந்த, நேர் வாய் கொண்ட அலகு வேறு ஒன்றே ஒன்றில்தான் இருந்தது. அதன் பிடி வழவழப்பு. முதலில் எடுத்ததற்கே திரும்பி வந்தாள்.

“மூடிக் காட்டுங்க” என்று அவர் மனைவி ஈரக்கையோடு எழுந்து வந்தார். “திறக்கறதுல எல்லாரும் கெட்டிக்காரங்க. மூடறதுலதான் ரத்தம் வரும்.”

சித்தி அலகின் முதுகை இடது உள்ளங்கையால் மெதுவாக அழுத்தி மூடினாள். அந்த அம்மாள் சாணைக்கல்லுக்குத் திரும்பிப் போனார். சித்தி கத்தியைக் கோட்டுப் பையில் போட்டு, கடைக்குள்ளேயே இரண்டடி நடந்தாள், குனிந்தாள், நிமிர்ந்தாள்.

“ஒரு பக்கம் சாயறேனாடா?”

“இல்ல சித்தி.”

திங்கட்கிழமை அவள் பையைத் தூக்கிக்கொண்டு நானும் கிடங்குக்குப் போனேன். கனம் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மேஜையருகே விசில் நின்றிருந்தான். சித்தியைக் கண்டதும் விசில் நின்றது. சூப்பர்வைசர் ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். மேலே சாக்கு போர்த்தித் தைத்து, குறுக்கும் நெடுக்கும் சணலால் கட்டியது. ஒரு மூலை நசுங்கியிருந்தது. அசைத்தால் உள்ளே ஏதோ கலகலத்தது.

“நான் வேணா கத்தி போடட்டுமா டாக்டரம்மா?” என்றான் விசில்.

“நீ கத்தி போட்டு ஒரு கம்பளிப் போர்வை ரெண்டாப் போச்சாமே. அண்ணன் தம்பிக்குப் பாகம் பிரிச்சியா?”

பக்கத்தில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். விசிலும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.

சித்தி அலகைக் கிள்ளித் தூக்கினாள். ஆள்காட்டி விரலை அலகின்மேல் நீட்டி, நக அளவு முனை மட்டும் உள்ளே போகும்படி வைத்துத் தையலைப் பிரித்தாள். மெதுவாகத்தான் போனது. முடிச்சை அவிழ்க்கக் கத்தியை மூடினாள், அவிழ்த்ததும் திறந்தாள், பெட்டியைத் திருப்ப மறுபடி மூடினாள். இத்தனை முறை மூடித் திறக்க வேண்டியிருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. சூப்பர்வைசர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

பெட்டியின் மூடியில் ஒட்டியிருந்த டேப்புக்கு வந்தபோது அலகு விரலிலிருந்து நழுவியது. வியர்வை. பாதி எழுந்த கத்தி டக்கென்று மூடிக்கொண்டது. மூட்டை அடுக்கியவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சூப்பர்வைசர் தொப்பியைக் கழற்றினார். எங்கள் வீட்டில் பேச்சை எடுப்பதற்கு முன்னும் அப்படித்தான் கழற்றினார்.

சித்தி அவசரப்படவில்லை. விரல்களைக் கோட்டில் துடைத்தாள். சாக்கிலிருந்து உதிர்ந்த தூசியில் கொஞ்சம் எடுத்து, உப்புப் போடுவதுபோல விரல் நுனிகளில் தேய்த்துக்கொண்டாள். கிள்ளித் தூக்கினாள். அலகு நேராக நின்றது. டேப் ஒரே கோடாகப் பிளந்தது. உள்ளே துணியில் சுற்றிய கோப்பைகள். ஒன்றுக்கு மட்டும் காது உடைந்திருந்தது. சுற்றியிருந்த துணியில் ஒரு கீறல்கூட இல்லை.

அலுவலறையில் தொலைபேசி அடித்தது. சூப்பர்வைசர் அதை எடுக்கப் போய்விட்டார். சித்தி என்னைப் பார்க்கவில்லை. காது உடைந்த கோப்பையைத் தனியாக வைத்து, மற்றவற்றுக்கு இடையில் காகிதம் திணிக்க ஆரம்பித்தாள். நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தரையில் கிடந்த சணல் துணுக்குகளைப் பார்த்தேன்.

அவர் திரும்பி வந்தபோது, ஒரு மூட்டையைத் தரையோடு இழுத்துக்கொண்டு வந்தார். நனைந்த மூட்டை. வந்த வழியெல்லாம் ஈரக்கோடு. சித்தியின் மேஜைக்காலில் அதைச் சாய்த்துவிட்டு நிமிர்ந்து மூச்சு வாங்கினார்.

“இது சாயங்கால வண்டிக்குப் போயாகணும்.”

“வை... வைங்க சார்.”

“டேய் விசில், ஜன்னல்ல ஆளுங்க நிக்கறாங்க பாரு. நீ போய் உக்காரு.”

“நானா? என்ன கேப்பாங்கன்னே எனக்குத் தெரியாதே சார்.”

“‘என் பார்சல் எங்கே’ன்னு கேப்பாங்க” என்றாள் சித்தி. “ஃபேன் இருக்கு, போ.”

அவன் போனான். பாதி தூரத்திலேயே விசில் ஆரம்பித்துவிட்டது.

“நீ ஏன்டா இன்னும் மரம் மாதிரி நிக்கறே? பையை ஆணியில மாட்டிட்டு, இதை அந்தப் பக்கம் பிடி.”

அவள் இடது கை கொடுக்க, தூக்கினோம். தண்ணீர் என் செருப்பெல்லாம் வழிந்தது. மூட்டை மேஜைமேல் தொப்பென்று உட்கார்ந்ததும் சித்தி அதன் கட்டைச் சுற்றிப் பார்த்து, “எந்த மகராசன் இப்படிக் கட்டினான் உன்னை” என்று அதைக் கேட்டாள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. கொஞ்ச நேரம் நின்றேன். நான் நிற்பதையே அவள் மறந்துவிட்டிருந்தாள்.