குண்டன்னூருக்கு நான் போகாத நாள்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு பங்குனி மாத வெயிலில், கொச்சி மட்டாஞ்சேரியில் நடந்தது இது. இன்றுவரை என் கணவரிடம்கூட இதை முழுதாகச் சொன்னதில்லை.

நான் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்பவள். கணவருக்கு பஜாரில் வெங்காயக் கடை. சேலம் பக்கத்திலிருந்து இங்கே வந்து இருபத்தைந்து வருடமாகிவிட்டது. என் தம்பி நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறான். ஒரு முதலாளிக்கு நான்கு மெஷின், எட்டு டிரைவர். அத்தனை பேருக்கும் சமைத்துப் போட தம்பியின் மனைவியும் கூடவே போவாள். பொங்கலுக்குத் தஞ்சாவூர், மாசியில் குட்டநாடு, பிறகு திருச்சூர், அப்புறம் ஆந்திரா என்று எங்கே கதிர் முற்றுகிறதோ அங்கே குடித்தனம். ஏதாவது மைதானத்தில் தார்ப்பாய் கட்டி அடுப்பு மூட்டுவார்கள். துவைத்த சேலை மெஷின் ஏணியில்தான் காயும். அவர்கள் மகள் நடை பழகியதே எந்த ஊரிலோ ஒரு நெற்களத்தில்தான்.

குழந்தைக்கு ஐந்து வயதானதும் பள்ளிக்கூடம் போக வேண்டுமே என்று என்னிடம் கொண்டுவந்து விட்டார்கள். எனக்கு இரண்டும் பையன்கள். தலை பின்னிவிட ஒரு பெண் இல்லையே என்று ஏங்கிக் கிடந்தவள் நான். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். என் பிள்ளைகள் வளர்ந்து, காக்கநாட்டில் வேலை பார்க்கும் பெரியவனுக்கு முன்மண்டையில் வழுக்கையே விழத் தொடங்கிவிட்டது. அதனால் பிரதிபலன் எதுவும் எதிர்பார்க்காமல்தான் வளர்த்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் அது உண்மையில்லை.

மீனில் முள் எடுத்து ஊட்டினேன். வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பதற்காக நாற்பத்தாறு வயதில் மலையாள எழுத்து படித்தேன். ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு அம்மாவின் வீடியோ கால் வந்துவிட்டால் குழந்தையின் கண்ணுக்கு நான் தெரியவே மாட்டேன். ஆறரைக்கே போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். மெஷின் பின்னால் கொக்குகள் ஓடுவதை அவள் காட்டுவாள், இது சிரித்துச் சிரித்துப் புரளும். ஒருநாள் பள்ளியில் டீச்சர் என்னைக் காட்டி, "அம்மயாணோ?" என்று கேட்டார். குழந்தை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அல்ல, அம்மாயி. அம்ம மெஷீன்றெ கூடெயா" என்றது. அம்மா மெஷினோடு இருக்கிறாளாம், நான் வெறும் அத்தையாம். உண்மைதானே? அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

சுற்றி வளைப்பானேன், பொறாமை. தூக்கி வளர்ப்பவள் நான், கொஞ்சல் எல்லாம் அவளுக்கு. பாத்திரம் கழுவும்போது அவளை மனசுக்குள் கரித்துக்கொட்டுவேன்.

அந்தப் பங்குனியில் ஒருநாள் மத்தியானம் தம்பி மனைவி போன் செய்தாள். குழந்தை பள்ளியில் இருந்தது.

"அண்ணி, நாளைக்கு மெஷின லாரில ஏத்திட்டு திருச்சூர் போறோமுங்க. குண்டன்னூர்ல சாயா குடிக்க பத்து நிமிசம் நிறுத்துவாங்க. பாப்பாவ கூட்டிட்டு வர்றீங்களா? மூணு மாசமாச்சுங்க பாத்து."

சக்கரத்துக்குப் பதில் பெல்ட் போட்ட அந்த மெஷின் சேற்றில் ஓடும், ரோட்டில் ஓடாது. அதனால் ஒவ்வொரு வருடமும் லாரியில் ஏற்றி எங்கள் ஊர் ஓரமாக, குண்டன்னூர் பைபாஸ் வழியாகத்தான் கொண்டுபோவார்கள். முந்தின வருடம் குழந்தையை நான் அங்கே அழைத்துப் போயிருந்தேன். பத்து நிமிடம் அவள் கொஞ்சிவிட்டு லாரியில் ஏறிப் போனாள். மூன்று நாள் குழந்தை என்னைத் தலைவாரக்கூட விடாமல் அழுதது. அது ஞாபகம் வந்ததும் என் வாய் தானாகத் திறந்தது.

"பாப்பாவுக்குக் காய்ச்சல்மா. இந்த வெயில்ல எப்படிக் கூட்டிட்டு வர்றது?"

"எவ்வளவுங்க இருக்கு?"

"நூத்திரெண்டு" என்றேன். அந்த எண் எங்கிருந்து வந்ததோ எனக்கே தெரியாது.

அன்று மாலை போனை அணைத்து வைத்துவிட்டு, அங்கே டவர் இல்லையாம் என்று குழந்தையிடம் சொன்னேன். எட்டு மணிவரை அது போனைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனைப் போடவில்லை.

மறுநாள் வழக்கம்போலப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு கிரைண்டர் கழுவிக்கொண்டிருந்தேன். பதினொன்றரை இருக்கும். வாசலில் தம்பி மனைவி நின்றாள். லாரியைப் போகச் சொல்லிவிட்டு குண்டன்னூரில் இறங்கி, பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள். சேலை ஓரத்தில் காய்ந்த சேறு, தலையெல்லாம் நெல் தூசி, கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழம்.

"பாப்பா எங்கீங்க?"

"காலைல காய்ச்சல் விட்டுருச்சு. பரீட்சைனு ஸ்கூலுக்கு அனுப்பிட்டேன்" என்று அடுத்த பொய்யைச் சொன்னேன்.

அவள் உட்காரக்கூட இல்லை. பையை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். பள்ளி பத்து நிமிட நடைதான். குழந்தை ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும். இனி என்னை நம்பிப் பிள்ளையை விடுவாளா?

டீச்சர் குழந்தையை வெளியே அனுப்பினார். ஓடி வந்து, குந்தி உட்கார்ந்த அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அவள் புறங்கையால் நெற்றியையும் கழுத்தையும் தொட்டுப் பார்த்தாள்.

"நேத்து நூத்திரெண்டு காய்ச்சலாமே கண்ணு. ராத்திரி தூங்குனியா?"

குழந்தை அம்மாவைப் பார்த்தது. பிறகு அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தது. என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. கண்ணைக் காட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

"ம், ஒறங்கி" என்றது. "அத்தை கஞ்சி தந்தாங்க. காலைல காய்ச்சல் மாறிப்போச்சு."

ஏழு வயதுப் பிள்ளை. கண் இமைக்காமல் சொன்னது.

தம்பி மனைவி எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ராத்திரி எல்லாம் முழிச்சிருந்தீங்களாங்க?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். அதையும் செய்தேன்.

திரும்பி வரும் வழியில்தான் அவள் அதைச் சொன்னாள்.

"லாரில வரும்போதே முடிவு பண்ணிட்டேங்க அண்ணி. காய்ச்சல்னு படுத்தா தொட்டுப் பாக்க முடியாத பொழப்பு நமக்கு எதுக்குங்க? சமையலுக்கு வேற ஆளப் பாத்துக்கட்டும். பரீட்சை முடிஞ்சதும் பாப்பாவ ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்."

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் நின்றேன். காய்ச்சலே இல்லை என்று சொன்னாலும் பிள்ளை போய்விடும், சொல்லாவிட்டாலும் போய்விடும். சொல்லவில்லை.

பரீட்சை முடிவதற்கு முன் ஒரு காலையில் தலை பின்னிவிடும்போது மெதுவாகக் கேட்டேன். "ஏன் பாப்பா அன்னைக்கு அம்மாகிட்ட அப்படிச் சொன்ன?"

"அத்தை கரயும்னு தோணுச்சு" என்றது. நான் அழுதுவிடுவேன் என்று நினைத்ததாம். பிறகு, "வலிக்குது, இழுக்காதீங்க" என்றது.

அடுத்த வாரம் தாயும் மகளும் ஊருக்குப் போய்விட்டார்கள். தம்பி இப்போது தனியாகத்தான் மெஷினோடு சுற்றுகிறான். தம்பி மனைவி ஊரில் எல்லோரிடமும், என் பிள்ளையை அண்ணி கண்ணுக்குள் வைத்துப் பார்த்தாங்க, காய்ச்சலைக்கூட மறைக்காமல் சொன்னாங்க என்று பெருமை பேசுகிறாளாம். அதை யாராவது வந்து சொன்னால் நான் மாவுச் சட்டியில் முகத்தைக் கவிழ்த்துக்கொள்கிறேன். அந்தக் குழந்தையின் மனதில் எனக்கு இடமே இல்லை என்று நினைத்துத்தான் பொய் சொன்னேன். இடம் இருக்கிறது என்று அது எனக்குக் காட்டிய அன்றே, என் பொய்யாலேயே அந்தப் பிள்ளையை இழந்தேன் என்பது இன்னும் ஆறவில்லை.